பாக்டீரியாவுக்குப் பட்டினி போடும் பால்!

ஆன்டிபயாடிக் கைவிட்டால் அடுத்து என்ன? பால் புரோட்டீனும் தயிர் பாக்டீரியாவும் கூட்டணி போட்ட கதை

மாடு வளர்க்கிற வீடுகளில் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். மடிநோய் வந்த மாட்டுக்கு டாக்டர் ஊசி போட்டுட்டுப் போனால், அடுத்த சில நாளைக்கு அந்தப் பாலில் உறை ஊத்த மாட்டாங்க. ஊத்தினாலும் பிரயோஜனம் இல்லை. ராத்திரி முழுக்க மூடி வெச்சிருந்தாலும் காலையில் பால் பாலாவே நிக்கும். தயிர் உறையாது.

காரணம் ரொம்ப சிம்பிள். ஊசியில் போன ஆன்டிபயாடிக்கில் கொஞ்சம் பாலுக்குள்ளே வந்துடுது. உறைமோரில் இருக்கிற லாக்டிக் பாக்டீரியாக்களை அது போட்டுத் தள்ளிடுது. பாலைப் புளிக்க வைக்க ஆளே இல்லாதப்போ தயிர் எங்கேயிருந்து வரும்? பாலில் மருந்து கலந்திருக்கான்னு கண்டுபிடிக்கிற சில டெஸ்ட்டுகளே இந்த டெக்னிக்கில்தான் ஓடுது. பாலில் ஒரு பாக்டீரியாவை விட்டுப் பார்ப்பாங்க. வளர்ந்தா பால் ஓகே. வளரலைன்னா உள்ளே ஏதோ இருக்குன்னு அர்த்தம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் சாம்பிள்களில் 77-ல் ஆன்டிபயாடிக் அளவு மீறி இருந்தது. நூத்துக்கு ஒண்ணுக்குக் கொஞ்சம் மேலே.

இதை எதுக்கு இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, அந்தத் தயிர்ச் சட்டி இருக்கிற இடத்தில் உங்க வயித்தை வெச்சுப் பாருங்க பாஸ்!

புதுவாயல், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி... ஹைவேயின் ரெண்டு பக்கமும் காலேஜும் கம்பெனியுமா நிக்கிற ஏரியா எங்களுடையது. ஹாஸ்டல், மேன்ஷன், சிப்காட் தொழிலாளர்கள் தங்குற ரூம்னு எல்லா இடத்திலும் காய்ச்சலுக்கு ஒரே ட்ரீட்மென்ட்தான். மெடிக்கல் ஷாப்புக்குப் போறது, ‘அண்ணா, தொண்டை வலி, ஜுரம். ஏதாவது மாத்திரை குடுங்க’ன்னு நிக்கிறது. டாக்டர் சீட்டு? அதெல்லாம் யார் கேட்டா! மூணு மாத்திரை வாங்கினால் ரெண்டாவதோட உடம்பு சரியாகிடும். மூணாவது, பாக்ஸில் பத்திரமா இருக்கும். அடுத்து ரூம்மேட்டுக்கு ஜுரம் வரும்போது அது அன்பளிப்பு!

அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்க. ஓரமா ஒரு சிவப்புக் கோடு இருக்கும். ‘டாக்டர் எழுதிக் கொடுக்காமல் சாப்பிடாதே’ன்னு அர்த்தம். இதைப் பத்தி மத்திய அரசு 2016-ல் தனியா பிரசாரமே பண்ணுச்சு. அதுக்கு முன்னாடியே, 2014 மார்ச் 1-ம் தேதியிலிருந்து ‘ஹெச்-1’ பட்டியல் அமலுக்கு வந்தாச்சு. அதில் இருக்கிற மருந்துகளை விற்றால், எழுதிக் கொடுத்த டாக்டர் பேர், வாங்கினவங்க பேரெல்லாம் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். சட்டம் ஸ்ட்ராங்காதான் இருக்கு. கவுன்ட்டர்லதான் கோட்டை விட்டுடறோம்.

சாதாரண சளி, ஜுரம் பெரும்பாலும் வைரஸ் சமாசாரம். ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே கிடையாது. ஆனா உள்ளே போன மாத்திரை சும்மா இருக்காதே! குடலில் குடியிருக்கிற அப்பாவி பாக்டீரியாக்களை வெளுத்து வாங்கும். அதில் தாக்குப் பிடிச்சு நிக்கிற முரட்டு ஆசாமிகள் மட்டும் காலியான இடத்தில் கூட்டம் கூட்டமா பெருகும். ஆன்டிபயாடிக்குக்கு அசராத பாக்டீரியா இப்படித்தான் செழிக்குது.

தரமணியில் கிளம்பிய அலை

இந்தியாவில் நிலைமை எவ்வளவு டெரர்னு உலகத்துக்குச் சொன்ன ஆராய்ச்சி ஒண்ணுக்கு நம்ம சென்னையோட பெரிய தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆராய்ச்சி பண்ணிய கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியரா இருந்த கட்டுரை, 2010 ஆகஸ்ட்டில் ‘லான்செட்’ குழும இதழில் வந்தது. என்.டி.எம்-1 என்ற ஜீன் உள்ள பாக்டீரியாக்களை அவங்க சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 சாம்பிள்களில் கண்டுபிடிச்சிருந்தாங்க. கடைசி அஸ்திரம்னு டாக்டர்கள் பத்திரப்படுத்தி வெச்சிருந்த கார்பபெனம் வகை மருந்துகளையே அக்கக்கா பிரிச்சுப் போடுற ஜீன் அது. பேரில் ‘நியூ டெல்லி’ இருந்ததால் அரசியல் சண்டையெல்லாம் நடந்தது. பாக்டீரியா அதைக் கண்டுக்கவே இல்லை.

இந்த விவகாரத்தில் முதலில் அடிபடறது பச்சைக் குழந்தைகள். டெல்லியின் மூணு பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011-லிருந்து 2014 வரைக்கும் 13,530 பிஞ்சுகளைக் கவனிச்ச ஆய்வு 2016-ல் வெளியானது. நூத்துக்கு 14 குழந்தைகளுக்கு ரத்தத்தில் தொற்று, அதாவது செப்சிஸ். அதிகமா கிடைச்ச கிருமி அசினெட்டோபாக்டர். அதில் 82 சதவிகிதம் பல மருந்துகளுக்கும் மசியாத ரகம். பிறந்து மூணு நாளான குழந்தை எந்த மெடிக்கல் ஷாப்பிலும் போய் மாத்திரை வாங்கலையே! நாம ஏத்தி வெச்ச கடனை அது கட்டுது. உலக அளவில் 2019-ல் மட்டும் இந்த மாதிரி மசியாத கிருமிகள் நேரடிக் காரணமா இருந்த சாவுகள் 12 லட்சத்து 70 ஆயிரம்னு ‘லான்செட்’ கணக்கு சொல்லுது.

புது ஆன்டிபயாடிக் கண்டுபிடிச்சா பிரச்னை முடிஞ்சுதானே? கண்டுபிடிக்க வருஷக்கணக்கு, கோடிக்கணக்கு. அதுக்குள்ளே அதையும் ஏமாத்த பாக்டீரியா கத்துக்கும். அதனால், ‘கிருமியைக் கொல்றதுக்குப் பதிலா, உள்ளேயே விடாம தடுத்தா என்ன?’ன்னு ஒரு கூட்டம் யோசிக்க ஆரம்பிச்சது. அப்போ அவங்க கண்ணில் பட்டதுதான் பால்.

இரும்பைப் பூட்டி வை!

பாலில் லாக்டோஃபெரின்னு ஒரு புரோட்டீன் இருக்கு. 1939-லேயே பசும்பாலில் ஒரு ‘சிவப்புப் புரோட்டீன்’ இருக்குன்னு எழுதி வெச்சுட்டாங்க. 1960-ல் தாய்ப்பாலில் இருந்து சுத்தமா பிரிச்சும் எடுத்துட்டாங்க. சிவப்புக்குக் காரணம் இரும்புச் சத்து. ஒரு லாக்டோஃபெரின் மூலக்கூறு ரெண்டு இரும்பு அயனிகளை இறுக்கிப் பிடிச்சுக்கும். சும்மா இல்லை, உடும்புப் பிடி!

பெரும்பாலான பாக்டீரியாவுக்கு இரும்பு இல்லாமல் பொழப்பு ஓடாது. இரும்பைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றதுக்குன்னே சில கிருமிகள் தனி மூலக்கூறுகளைத் தயாரிச்சு வெளியே அனுப்பும். லாக்டோஃபெரின் அதுக்கு முன்னாடியே போய் ஸ்டாக் மொத்தத்தையும் பூட்டி வெச்சிடுது. கிருமிக்குப் பட்டினி. போதாதுக்கு, சில பாக்டீரியாக்களின் மேல்தோலில் போய் ஒட்டிக்கிட்டு அதையே பொத்தல் போட்டும் விடும். வயித்தில் செரிக்கும்போது இதிலிருந்து உடைஞ்சு வர்ற துண்டுக்கு லாக்டோஃபெரிசின்னு பேர். கிருமியைக் கொல்றதில் அம்மாவை மிஞ்சின பிள்ளை அது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2002-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு ஆய்வு. சூடோமோனாஸ் மாதிரி கிருமிகள் தனித்தனியா இருக்கிறதை விட, ஒண்ணா ஒட்டிக்கிட்டு மேலே கோந்து மாதிரி ஒரு கோட்டை கட்டிக்கும்போதுதான் ஆபத்து. அதுக்குப் பேர் பயோஃபிலிம். அதுக்குள்ளே மருந்து நுழையறது கஷ்டம். லாக்டோஃபெரின் இருக்கிற இடத்தில், இரும்பு கிடைக்காத பாக்டீரியாக்கள் ஒரு இடத்தில் உட்காராமல் அலைஞ்சுக்கிட்டே இருந்ததாம். நிக்க நேரமில்லாதவன் எங்கே வீடு கட்டுறது!

இதையும் ஏமாத்துற கில்லாடிகள் இருக்காங்க. நைசீரியா வகை கிருமிகள் லாக்டோஃபெரின் கையில் இருக்கிற இரும்பையே பிடுங்கித் தின்னும். ஸோ, இது சர்வரோக நிவாரணி இல்லை.

அடுத்த பார்ட்னர், ப்ரோபயாடிக். நம்ம பாஷையில் நல்ல பாக்டீரியா. இவங்க ஸ்டைல் வேற. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி குடலில் இடத்தைப் பிடிச்சு உட்கார்ந்துடுவாங்க. லாக்டிக் அமிலத்தைச் சுரந்து ஏரியாவையே புளிப்பாக்குவாங்க. எதிரியைக் கொல்ற குட்டிப் புரோட்டீன்களைக்கூட சில ரகம் தயாரிக்கும். அந்தக் குடும்பத்தில் பிரபலம் நைசின். பாலில் வாழ்ற பாக்டீரியா தயாரிக்கிற இது, உணவு கெடாமல் இருக்க உலகம் முழுக்கப் பயன்படுது. எல்லாத்துக்கும் மேலே, நம்ம நோய் எதிர்ப்புப் படைக்கு ட்ரெய்னிங்கும் கொடுக்குறாங்க.

ஒருத்தர் பட்டினி போடணும், இன்னொருத்தர் இடத்தைப் பிடிக்கணும். இதுதான் பிளான். பேப்பரில் செமையா இருக்குல்ல? நிஜத்தில் என்ன ஆச்சு?

இத்தாலியில் ஜெயிச்சது... பிரிட்டனில் தோத்தது

இத்தாலியைச் சேர்ந்த பாவ்லோ மன்சோனி குழு, ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவா பிறந்த 472 குழந்தைகளை மூணு அணியாப் பிரிச்சது. ஒரு அணிக்கு தினமும் 100 மில்லிகிராம் மாட்டுப்பால் லாக்டோஃபெரின். அடுத்த அணிக்கு அதோட 600 கோடி எல்.ஜி.ஜி. பாக்டீரியா. மூணாவது அணிக்கு வெறும் டம்மி. 2009-ல் ரிசல்ட் வந்தப்போ எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. டம்மி அணியில் 17.3 சதவிகிதம் குழந்தைகளுக்கு ரத்தத் தொற்று. லாக்டோஃபெரின் அணியில் 5.9. ரெண்டையும் சேர்த்துக் கொடுத்த அணியில் 4.6!

கை தட்டத் தோணுது. ஆனா, புள்ளியியல் பேப்பரில் அரியர் வெச்சவங்களுக்கும் தெரியும்... ஒரு அணிக்கு 150 பேர்ங்கிறது சின்ன சாம்பிள். 5.9-க்கும் 4.6-க்கும் நடுவில் இருக்கிறது ரெண்டே ரெண்டு குழந்தை. கூட்டணி தனியாளை விட பெட்டர்னு இதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது.

பிரிட்டன்காரங்க பெருசா இறங்கினாங்க. 37 ஆஸ்பத்திரிகள், 2,203 குறைமாதக் குழந்தைகள். 2019-ல் ‘லான்செட்’டில் வந்த முடிவு: லாக்டோஃபெரின் கொடுத்த அணியில் தொற்று 29 சதவிகிதம், கொடுக்காத அணியில் 31. வித்தியாசம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணுமே இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1,542 குழந்தைகளோட நடந்து 2020-ல் வெளியான ஆய்விலும் அதே கதைதான். சரி, பாக்டீரியா மட்டும்? பிரிட்டனில் 1,315 குழந்தைகளோட நடந்த ஆய்வில் ஒரு பிஃபிடோபாக்டீரியம் ரகத்தைக் கொடுத்துப் பார்த்து 2016-ல் உதட்டைப் பிதுக்கிட்டாங்க.

கவனிங்க. இந்தப் பெரிய ஆய்வுகளில் புரோட்டீன் தனி, பாக்டீரியா தனி. ரெண்டையும் கை கோத்து இறக்குற அணி எதிலும் இல்லை. அதுக்காக, ‘சேர்த்துக் கொடுத்திருந்தா ஜெயிச்சிருக்கும்’னு நாம கொடி பிடிக்கவும் முடியாது. இத்தாலியில் தனியாவே ஜெயிச்ச புரோட்டீன் பிரிட்டனில் தோத்திருக்கே! பாலிலிருந்து பிரிச்செடுக்கிற முறை, குழந்தைகளோட தாய்ப்பால் அளவு, அந்தந்த ஆஸ்பத்திரியில் சுத்துற கிருமி... இப்படி எத்தனையோ இருக்கு.

கோரமண்டல் எக்ஸ்பிரஸ் வர்ற வழியில்

எங்க ஊர் வழியா வடக்கே போற அதே ரயில் பாதையில் ஆந்திராவைத் தாண்டினால் ஒடிசா. சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்க்கிற நிறைய அண்ணன்களுக்கு அதுதான் சொந்த ஊர். இந்தக் கதையின் பெரிய வெற்றியும் அங்கேதான் நடந்தது, அதுவும் பெரிய ஆஸ்பத்திரியில் இல்லை. கிராமங்களில்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருந்த பினாகி பாணிக்ரஹி தலைமையில் ஒடிசாவின் 149 கிராமங்களில் 4,556 குழந்தைகள். நல்ல எடையோட பிறந்து தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகள்தான். பிறந்த ரெண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் ஆரம்பிச்சு, ஏழே ஏழு நாள். ஒரு நாளைக்கு ஒரு டோஸ். அதில் 100 கோடி லேக்டோபேசில்லஸ் பிளாண்டாரம். கூடவே அந்த பாக்டீரியா சாப்பிடறதுக்கு ஒரு வகை சர்க்கரை 150 மில்லிகிராம்... கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து ஊருக்கு அனுப்புற மாதிரி! அப்புறம் 60 நாள் கண்காணிப்பு.

டம்மி கொடுத்த அணியில் செப்சிஸ் அல்லது சாவு 9 சதவிகிதம். மருந்து அணியில் 5.4. அதாவது 40 சதவிகிதம் குறைவு. பலன் இவ்வளவு தெளிவா தெரிஞ்சதால், திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுறதுக்கு முன்னாடியே ஆய்வை நிறுத்திட்டாங்க. 2017 ஆகஸ்ட்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. வாய் வழியா குடலுக்குப் போன சொட்டு, நுரையீரல் தொற்றையும் மூணில் ஒரு பங்கு குறைச்சிருந்தது! ஒரு குழந்தைக்கான முழு கோர்ஸின் செலவு சுமார் ஒரு டாலர்தான்.

இதுக்கும் ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமிக்கும் என்ன சம்பந்தம்? நேரடியா பார்த்தா, இந்தச் சொட்டு எந்தக் கிருமியையும் குணப்படுத்தலை. தொற்றே வராத குழந்தைக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாது. ஆன்டிபயாடிக் போகாத குடலில் முரட்டு ஆசாமிகளுக்கு இடமும் காலியாகாது. அதுதான் இதோட கணக்கு.

இன்னொண்ணு. பசும்பாலில் லாக்டோஃபெரின் லிட்டருக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு தேறினால் பெருசு. பிரசவமான முதல் சில நாள் வர்ற தாயின் சீம்பாலில் லிட்டருக்கு 5 கிராமுக்கு மேலேயே இருக்கும். ஒடிசாக் குழந்தைகள் சொட்டு குடிச்சதும் கிட்டத்தட்ட அதே நாட்களில். அம்மாவிடமிருந்து புரோட்டீன், சொட்டிலிருந்து பாக்டீரியா... கூட்டணி அங்கே தானா அமைஞ்சிருக்கோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆய்வு இதைத் தனியா அளக்கலை. இது முழுக்க என் யூகம். பயோடெக் மக்கள் யாராவது மல்லுக்கு வரலாம்!

‘அப்போ தயிர் சாதம் போதுமே?’

மெஸ் தயிரைப் பார்த்து இனிமே மரியாதை வரும்தான். ஆனா கொஞ்சம் பொறுங்க. ஒடிசாவில் கொடுத்தது பிளாண்டாரம் இனத்தில் ஒரு குறிப்பிட்ட ரகம், எண்ணி வெச்ச அளவு. அதே இனத்தைச் சேர்ந்த பாக்டீரியா ஊறுகாயிலும் புளிச்ச மாவிலும்கூட இருக்கும். ஒரே இனிஷியல் இருக்கிறவங்க எல்லாம் ஒரே ஆளா? தயிர் நல்ல சாப்பாடு. செப்சிஸுக்கு அது மருந்து ஆகாது.

லாக்டோஃபெரினுக்கு சூடு ஆகாது. 72 டிகிரியில் 15 விநாடி பாஸ்ச்சுரைஸ் பண்றதைத் தாங்கிக்கும். நம்ம வீட்டில் பொங்கப் பொங்கக் காய்ச்சுறோமே, அதில் பெரும்பகுதி உருக்குலைஞ்சு போயிடும். அதுக்காகப் பச்சைப் பாலைக் குடிச்சுடாதீங்க மக்கா! காசநோய், புரூசெல்லோசிஸ்னு வேற வம்பெல்லாம் காத்திருக்கு.

குறைமாதக் குழந்தைக்கு நாமளே ப்ரோபயாடிக் வாங்கிக் கொடுக்கிறது அதை விட ஆபத்து. அமெரிக்காவில் ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தை ஒண்ணு, கொடுக்கப்பட்ட நல்ல பாக்டீரியாவே ரத்தத்தில் பரவி இறந்துபோச்சு. 2023-ல் அந்த நாட்டின் எஃப்.டி.ஏ. டாக்டர்களுக்கு எச்சரிக்கை அனுப்பினது அதனால்தான். நல்ல பாக்டீரியாவே ஆன்டிபயாடிக்கை எதிர்க்கிற ஜீனைச் சுமந்துக்கிட்டு வந்து கெட்டவங்களுக்குக் கைமாத்தா கொடுத்துடுற அபாயமும் இருக்கு. அதைச் சோதிச்சுப் பார்க்கணும்னு ஐ.சி.எம்.ஆரும் மத்திய பயோடெக்னாலஜி துறையும் சேர்ந்து 2011-லேயே வழிகாட்டுதல் போட்டிருக்காங்க. கடையில் ‘ப்ரோபயாடிக்’னு எழுதியிருக்கிற டப்பாவை எடுத்தால் எந்த ரகம், எத்தனை கோடி, எப்போ காலாவதின்னு பாருங்க. அது இல்லைன்னா, நம்ம ரெண்டு ரூபா உறைமோரே தேவலை.

கடைசியா என் டிபார்ட்மென்ட் சமாசாரம். ஒரு கிலோ லாக்டோஃபெரின் எடுக்க சுமார் 10,000 லிட்டர் பால் தேவை. பிரிக்கிற டெக்னிக் செம ஸ்மார்ட். பாலில் இருக்கிற பெரும்பாலான புரோட்டீன்களுக்கு நெகட்டிவ் சார்ஜ். லாக்டோஃபெரினுக்கு பாஸிட்டிவ். நெகட்டிவ் சார்ஜ் உள்ள பிசின் நிரப்பின குழாய் வழியா பாலை ஓடவிட்டால் இவர் மட்டும் ஒட்டிக்குவார். அப்புறம் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி இறக்கி, வடிகட்டிக் காயவெச்சால் ரோஸ் கலரில் பவுடர். வெளிநாட்டில் சீஸ் வடிச்ச தண்ணியிலிருந்தே எடுத்துடறாங்க. நம்ம ஊரில் அதிகம் மிஞ்சறது பனீர் வடிச்ச தண்ணி. பனீருக்குப் பாலைக் கொதிக்கிற அளவுக்குச் சூடாக்குறோம், அதிலேயே சரக்கு காலி! சூடு பண்றதுக்கு முன்னாடியே பாலிலிருந்து இதை மலிவா பிரிச்சுட்டு, மிச்சப் பாலை வழக்கம் போல பனீருக்கு அனுப்ப ஒரு யூனிட் டிசைன் பண்ண முடியுமா? கெமிக்கலும் மெக்கானிக்கலும் சேர்ந்து உட்கார்ந்தால் ஃபைனல் இயர் புராஜெக்ட் ரெடி. பாலைப் பத்திக் கேட்க ரொம்ப தூரம் போக வேண்டாம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் மாதவரத்தில். அதோட உணவு, பால் தொழில்நுட்பக் கல்லூரி செங்குன்றத்தைத் தாண்டி அலமாதி பக்கத்தில். ரெண்டும் புதுவாயலில் இருந்து போயிட்டு ஒரே நாளில் திரும்பிடுற தூரம்தான்.